என் வகுப்புக்கு வந்திருந்தவர்கள்

அந்தச் செவ்வாய்க்கிழமை அளவையியல் விரிவுரைகளுக்கு வந்திருந்தவர்கள்: என் அம்மா, பக்கத்துக் காம்பராச் சித்தி, அவர்களோடு ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஆறேழு பேர், நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன கங்காணி. வராதவன் நான் மட்டும்தான். பாடத்துக்குப் பதிந்திருந்தது என் பெயர். ஓடியது என் கைப்பேசி. நான் அந்நேரம் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், அப்பாவின் பிரஷர் கிளினிக்குக்கு நம்பர் எடுத்துக்கொண்டு அவரோடு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி என்று சொன்னாலும் அவர் எங்களுக்கு உறவு இல்லை. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் போனவர். எங்கள் வீட்டில் என்னைத் தவிர எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் இல்லை. அதனால் நான் பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாதங்களில் வீட்டுக்கு வருகிற கரண்ட் பில்லையும் மருந்து உறையையும் வாசித்துச் சொல்வது சித்திதான்.

அந்த அரையாண்டில் எங்கள் விடுதியில் குழாய் வேலை நடந்தது. பாதிப் பாடங்களை வீட்டிலிருந்தே படியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதே நேரத்தில்தான் பாடங்களை நடத்துகிற இணையத்தளத்தையும் புதுப்பித்தார்கள். பழையதில் பெரிதாக ஒன்றும் இல்லை. விரிவுரைக் குறிப்புகளைக் கொண்டுவந்து கொட்டியிருப்பார்கள், வேண்டியதை நாம் கிளறி எடுத்துக்கொள்ள வேண்டும். யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று அதற்குத் தெரியாது; தெரிந்துகொள்ள அது ஆசைப்பட்டதும் இல்லை.

புதியது வேறு. முதலில், எல்லாம் தமிழில் இருந்தது. திறந்தவுடன் ‘வணக்கம்’ என்றது. பாடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்திலும் பார்க்கலாம். பிறகு சிக்னல் கிடைக்கும்போது, பார்த்த கணக்கை அது தானே போய் ஒப்புவித்துவிடும். விரிவுரையாளருக்கு அதற்குள்ளேயே செய்தி அனுப்பலாம். அவர் படித்தால் ஒரு சின்ன நீலப் புள்ளி வரும். விரிவுரை ஓடிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே நின்று ‘தொடர்ந்து பார்க்கிறீர்களா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்பதைத் தொடாவிட்டால் நகராது. முடிவில் மூன்று கேள்விகள். பதில் கொடுத்த பிறகு, ‘இவ்விரிவுரையை நானே பார்த்தேன்’ என்ற வரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் சரி போட வேண்டும். அப்போதுதான் அந்த விரிவுரை கணக்கில் சேரும்.

கணக்கு என்பது திரையின் தலைமாட்டில் கிடக்கும் ஒரு பட்டை. செம்மஞ்சளில் தொடங்கும். எண்பது வீதம் தாண்டினால் பச்சையாகும். அதே வார வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குள் பச்சையானவர்களுக்குத்தான் பரீட்சை அனுமதி அட்டை. மற்றவர்கள் அந்தப் பாடத்தை அடுத்த வருடம், கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து எழுத வேண்டும். பட்டம் ஒரு வருடம் பின்னால் போகும். அம்மா தன் முழங்கால் வலியோடு மலைக்குப் போவதை எப்போது நிறுத்துவது என்று என் பட்டத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார். ஆகவே அந்தப் பட்டை எனக்கு வெறும் பட்டை இல்லை.

அது சரிபாதியில் நின்றது. எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கத்து டவர் எங்கள் கூரைக்கு மேலாகப் போய்விடும். சிக்னலுக்கு மேட்டில் இருக்கும் மடுவத்துக்கு ஏற வேண்டும். மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மேலே தகரம், நான்கு தூண், ஒரு தராசு. மழை விடாத இரண்டு வாரங்களில் நான் அங்கே போய் நின்றது குறைவு.

திங்கட்கிழமை பின்னேரம், அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் புதுத் தளத்தைத் திறந்து காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இது என்னா தம்பி, பாதியில நிக்குது?”

“பெரட்டுல உங்களுக்குப் பேர் போடுறாங்கல்ல, அது மாதிரிம்மா. எல்லாப் பாடத்தையும் பாத்தா முழுப்பேர். எனக்கு இப்ப அரைப்பேர்தான் விழுந்திருக்கு.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் பெரட்டுக் களத்தில் வரவு வைப்பார்கள். பின்னேரம் கொழுந்து சொன்ன நிறைக்கு வந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அம்மாவுக்கு இதைவிடச் சுலபமாக விளங்குகிற விதத்தில் யாராலும் சொல்லியிருக்க முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “ஏன் கொறஞ்சிச்சு?”

“மழைம்மா. சிக்னல் இல்ல.”

“ஒங்கூடப் படிக்கிற பிள்ளைக ஆளுக்குக் கொஞ்சம் போட மாட்டாங்களா?”

அப்பா வாசலில் இருந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா கேட்டது வேடிக்கைக்கு இல்லை என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. மலையில் ஒருத்திக்கு உடம்பு முடியாமல் கொழுந்து குறைந்தால், பக்கத்து நெரையில், பக்கத்துச் செடி வரிசையில், எடுக்கிறவர்கள் நிறுப்பதற்கு முன்னால் ஆளுக்கு இரண்டு கை அள்ளி அவள் சாக்கில் போட்டுவிடுவார்கள். இன்னொரு நாள் அவள் திருப்பிப் போடுவாள். நான் பிறப்பதற்கு முந்திய நாள் வரைக்கும் அம்மா மலைக்குப் போனார், அந்த வாரம் முழுக்க அவருக்கு முழுப்பேர் விழுந்தது. அவர் தனியாக எடுத்த கொழுந்து இல்லை அது.

செவ்வாய்க்கிழமை விடிய அப்பாவோடு கிளம்பும்போது கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன். “மடுவத்துத் தூண்ல தொங்கவுடும்மா. பாடம் தானா எறங்கும். ஒண்ணையும் அமுக்க வேணாம்.” எனக்கு அப்பாவின் பட்டன் போன் போதும் என்று நினைத்தேன்.

இனி நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவும் சித்தியும் மற்றவர்களும் பல தடவை சொல்லி, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, நான் கூட்டிச் சேர்த்தது.

முதல் நிறுவைக்கு மடுவத்துக்கு வந்தபோது அம்மா கைப்பேசியை எடுத்துப் பார்த்திருக்கிறார். என் பூட்டைத் திறக்கிற கோடு லயத்தில் குழந்தைகளுக்கும் தெரியும். பட்டை அதே பாதியில் நின்றது.

“எறங்கியிருக்குமே. ஏன் பேர் ஏறல?” என்று அம்மா கேட்டாராம்.

சித்தி வாங்கிப் பார்த்தார். “பாடத்தக் கேட்டாத்தானேக்கா பேரு. சும்மா தூண்ல தொங்குனா யாரு போடுவா? நீ வந்து தூண்ல தொங்குனா கங்காணி ஒனக்குப் போடுவாரா?”

சொன்ன கையோடு சித்தி திரையில் பெரிதாகத் தெரிந்த பொத்தானைத் தொட்டார். எங்கள் மிஸ் பேசத் தொடங்கினார். அம்மா கைப்பேசியை லேஞ்சித் துணியில் முடிந்து சாக்குக் கயிற்றில் கட்டிக்கொண்டு மடுவத்தை ஒட்டிய நெரைக்குள் இறங்கினார்.

“யாரு பேசுறது? ரேடியோவா?” என்று இரண்டு நெரை தள்ளியிருந்த ஒருத்தி கேட்டாள்.

“எங்க தம்பியோட மிஸ்ஸு.”

“பாட்டுப் போடுவாங்களா?”

“படிப்புடி. சத்தம் போடாத.”

மிஸ் அப்போது, எல்லா மனிதரும் இறப்பவர்கள் என்று எடுத்துக்கொள்வோம் என்றாராம்.

“இந்தா, மரண அறிவித்தல் ஆரம்பிச்சிருச்சு. ரேடியோதான்,” என்றாள் அவள்.

அரை மலைக்குச் சிரிப்பு. கங்காணி மேல் ரோட்டிலிருந்து இறங்கி வந்து, “என்னா சத்தம்?” என்று கேட்டார்.

“வகுப்பு நடக்குதுங்க,” என்றார் சித்தி. “நின்னு கேட்டீங்கன்னா ஒங்க பேரையும் எழுதிருவாங்க.”

“நம்ம பேர எழுதுறதுக்கு ஒரு ஆள் போதும்,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பேச்சு நிற்கும்போதெல்லாம் சித்தி நெரை தாண்டி வந்து ‘ஆம்’ என்பதைத் தொட்டுவிட்டுப் போனார். கேள்வி வந்தபோது உரக்க வாசித்தார். மூன்று விடைகளையும் வாசித்தார். கை தூக்கச் சொன்னார். சரிசமமாகக் கை விழுந்தால், இருப்பதில் எது நீளமோ அதைத் தொட்டார். “குட்டையா இருக்கிறது பொய்யா இருக்கும். பொய்க்கு என்னாத்துக்கு இவ்வளவு எழுதப் போறாங்க?”

அன்றைய முதல் விரிவுரை முடிவில் ‘இவ்விரிவுரையை நானே பார்த்தேன்’ என்று வந்ததும் அம்மா தயங்கினாராம்.

“நானேன்னா யாரு?”

“பாத்தது நாமதானேக்கா. நாங்களேன்னு போட்டிருந்தா இன்னும் சரியா இருக்கும். ஆனா பொய்யில்ல,” என்று சித்தி சரி போட்டார்.

பட்டை கொஞ்சம் நகர்ந்தது. அதைப் பார்த்த பிறகு யாரும் நிறுத்துகிற நிலையில் இல்லை.

அன்று மூன்றாவதாக ஓடிய விரிவுரை காகங்களைப் பற்றியது. ஒரு காகத்தைப் பார்க்கிறோம், கறுப்பு. இன்னொன்று, அதுவும் கறுப்பு. நூறு பார்த்தாலும் கறுப்பு. அப்படியானால் காகம் எல்லாம் கறுப்பு என்று சொல்லிவிடலாமா? மிஸ் இதைக் கேட்டுவிட்டு, நாளைக்கு ஒரு வெள்ளைக் காகம் வந்தால் என்ன ஆகும் என்று தொடங்கிய நேரத்தில் நிறுவைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் மடுவத்துக்குள் ஓட, தகரத்தில் மழை விழ, மிச்சம் யாருக்கும் கேட்கவில்லை. கேள்விகளுக்கு நீளமானதாகப் பார்த்துத் தொட்டார்கள்.

பின்னேர நிறுவையில் அம்மாவின் கொழுந்து குறைந்தது. கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எடுத்தால் குறையாமல் என்ன செய்யும்? வழக்கம்போல ஆளுக்கு இரண்டு கை விழுந்தது. தராசு சரியாகக் காட்டியது.

நானும் அப்பாவும் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றார். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

“எனக்கும் முழுப்பேர். ஒனக்கும் முழுப்பேர்.”

கைப்பேசியைப் பார்த்தேன். பட்டை பச்சை. ஒரு கணம் எனக்கு வெறும் சந்தோஷம்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். என் பெயரில் நான் பார்க்காத பாடங்கள். மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று மார்க்குகள். ஓரிடத்தில், சித்தியின் நீளக் கணக்குப் பலித்து, மூன்றுக்கு மூன்று. எல்லாவற்றுக்கும் கீழே ‘நானே பார்த்தேன்’.

“எப்புடி?” என்று அப்பா என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். “பாஸா?”

“நான் பாக்கலையேப்பா. நான் பாத்தேன்னு இருக்கு.”

அம்மாவின் முகம் மாறியது. “நான் என்னா களவா எடுத்தேன்? அவுங்க எனக்கு ரெண்டு கை போட்டாங்க. நான் ஒனக்குப் போட்டேன்.”

“கொழுந்து யாரு எடுத்தாலும் கொழுந்துதான்மா. இது என் மண்டைக்குள்ள ஏறணும். பரீட்சையில கேப்பாங்க.”

“அப்ப ஒங்க அம்மாவையும் கூட்டிட்டுப் போ,” என்றார் அப்பா. “சித்தியையும் கூட்டிட்டுப் போனா நீளமானதப் பாத்துச் சொல்லுவா.”

அம்மா சிரிக்கவில்லை. விறகை அடுப்புக்குள் தள்ளினார். நான் சும்மா விட்டிருந்தால் பட்டை பச்சையாகவே இருந்திருக்கும். அனுமதி அட்டையும் வந்திருக்கும். மிஸ்ஸிடம் சொன்னால் பட்டை பழையபடி பாதிக்குப் போகும், வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மேலேறுமா என்று தெரியாது. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த வரியை நான் மறுபடி வாசிக்க முடியாமல் இருந்தது. அதைவிட, அந்தப் பாடங்களில் என்ன இருக்கிறது என்று மலையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க எனக்கு மட்டும் தெரியவில்லை.

“மிஸ்கிட்ட சொல்லிரப் போறேன்மா.”

“சொல்லு,” என்றார் அம்மா. “ஆனா சித்திய இழுத்துராத. நாந்தான்னு சொல்லு.”

புதன்கிழமை காலை மடுவத்துக்கு ஏறி மிஸ்ஸுக்குச் செய்தி எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: ‘மிஸ், நேற்றுப் பதிவான விரிவுரைகளை நான் பார்க்கவில்லை. என் அம்மா மலையில் கொழுந்து எடுக்கும்போது ஓடவிட்டிருக்கிறார். எனக்கு உதவி என்று நினைத்துச் செய்தது. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.’

நீலப் புள்ளி உடனே வந்தது. பதில் வரவில்லை. பெண்கள் முதல் நிறுவைக்கு வரும்வரைக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். தொடக்கத்தில் அவர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

“நீர் சொன்னது நல்லது தம்பி. சொல்லாட்டி எனக்கும் தெரிஞ்சிருக்காது. நேற்றைய பதிவுகளை நான் அழிச்சு விடுறன். ஆனா நாலு மணிக் கெடுவை என்னால மாத்தேலாது, அது என்ர கையில இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல் நீரே இருந்து பாத்து முடிச்சுவிடும். பிறகு, அம்மாவிட்டைக் கேட்டுச் சொல்லும், எந்த விரிவுரை அவவுக்குப் பிடிச்சதெண்டு.”

பட்டை என் கண் முன்னால் பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்குப் போய், பாதியில் நின்றது. சாக்கோடு வந்த அம்மா அதைப் பார்த்தார்.

“வெட்டிட்டாங்களா?”

“வெட்டலம்மா. திருப்பி எடுக்கச் சொல்றாங்க.”

அதில் அம்மாவுக்கு ஓரளவு நியாயம் தெரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். மிஸ் கேட்டதைச் சொன்னேன். யோசித்துவிட்டு, “அந்தக் காக்கா,” என்றார்.

இன்னொரு சிக்கல் பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பாடத்தை நேரே இணையத்திலிருந்து ஓடவிட்டதில் என் மாத டேட்டா ஏறக்குறைய முழுக்கப் போயிருந்தது; மிச்சமும் அன்று காலையோடு முடிந்தது. அழித்ததோடு இறக்கி வைத்தவையும் போய்விட்டன. பஸ் பிடித்து மஸ்கெலியா பஜாருக்குப் போனேன். அங்கே ரீலோட் போடுகிற கடைக்கார முஸ்லிம் அண்ணனுக்கு, நாங்கள் நானா என்று கூப்பிடுபவருக்கு, என்னைத் தெரியும்.

“என்ன மகன், இப்பத்தானே போட்ட? பாட்டுக் கேட்டே முடிச்சாச்சா?”

“அம்மா பாடம் கேட்டு முடிச்சிட்டாங்க நானா.”

நானா என்னை மேலும் கீழும் பார்த்தார். கதையைச் சொன்னேன். பின்னால் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த தன் மகனைத் திரும்பிப் பார்த்து, “கேட்டியா? அந்த உம்மா மலையில நிண்டு படிச்சிருக்கா. நீ வீட்டுல படுத்துக்கிட்டுப் படிக்கிறதில்ல,” என்றார். மகன் எனக்கு ஒரு முறைப்புக் கொடுத்தான். அவனிடம் இனி நான் நல்ல பெயர் வாங்க முடியாது.

புதன் மதியத்திலிருந்து மடுவத்தில் உட்கார்ந்தேன். கங்காணி வந்தார்.

“வேல இல்லாதவுங்க இங்க இருக்கக் கூடாது தம்பி. தோட்டத் தொரை வந்தா என்னையத்தான் கேப்பாரு.”

“வெள்ளிக்கெழம வரைக்கும்தாங்க.”

அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி, நிறுக்கிற நேரத்துல சாக்கத் தூக்கித் தராசுல மாட்டிக் குடு. அப்ப நீ சும்மா இருக்கிறவன் இல்ல.”

அப்படித்தான் நான் அளவையியல் படித்தேன். நிறுவை இல்லாத நேரத்தில் பாடம். நிறுவை வந்தால் சாக்கு. சில நேரம் நிறுத்த மறந்து தூக்கப் போய்விடுவேன். கைப்பேசி தூணில் நின்று ‘தொடர்ந்து பார்க்கிறீர்களா?’ என்று கேட்கும். “டேய் தம்பி, ஒன்னையக் கூப்புடுது,” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். தொடுவதற்கு மட்டும் யாரும் கிட்டே போகவில்லை. அம்மா அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, அவர்கள் என் கைப்பேசியைத் தாண்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். சித்தி மட்டும் கேள்வி வரும் நேரத்தில் என் தோளுக்குப் பின்னால் நின்று, “நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த ரெண்டாவது நீளமா இருக்கு,” என்பார்.

விரிவுரை நன்றாக இருந்தது. இதைச் சொல்ல வேண்டும். விடுதி அறையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டபோது வெறும் குறிப்பாகத் தெரிந்ததெல்லாம், அங்கே ஈரச் சாக்கு வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டபோது, யாரோ பொறுமையாக என்னோடு பேசுவதாக இருந்தது. எந்த வசனத்தில் யார் சிரித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ‘எல்லா மனிதரும் இறப்பவர்கள்’ என்ற இடத்தில் நான் தனியாகச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நல்ல மழை. மதியத்துக்குப் பிறகு கடைசி விரிவுரை இறங்கி முடிந்தது. பார்த்தேன். கேள்விகளுக்குப் பதில் கொடுத்தேன். ‘நானே பார்த்தேன்’ என்பதற்குப் பக்கத்தில் சரி போட்டேன். அந்தச் சரியைப் போட எனக்கு நன்றாக இருந்தது. பட்டை நகரவில்லை.

எழுபத்தாறு. அதற்குக் கீழே, ‘பதிவு அனுப்பக் காத்திருக்கிறது’.

மேலே பார்த்தால் சிக்னல் கோடு ஒன்றும் இல்லை. ஒரு இடி விழுந்ததோடு டவர் நின்றுவிட்டிருந்தது. மூன்றரை தாண்டிவிட்டது. பஜாருக்குப் போனால் பஸ் வந்து சேரவே நாலரை ஆகும். பெண்கள் நிறுவைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நான் கைப்பேசியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மடுவத்தைச் சுற்றினேன்.

“என்னா, வுழலையா?” என்றார் அம்மா.

“எல்லாம் பாத்துட்டேன்மா. போகலை.”

கங்காணி குடையை மடக்கிக்கொண்டே, “மேல தண்ணித் தாங்கிக்குப் போ,” என்றார். “அங்க மறுபக்கத்து டவர் அடிக்கும். நான் தொரைக்குப் பேசுறதே அங்க நின்னுதான்.”

தண்ணித் தாங்கி மலையின் உச்சியில், வழுக்குகிற படிகளுக்கு மேலே. நான் ஓடத் தொடங்கினேன். கொஞ்சம் ஏறியதும் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம். அம்மாவும் சித்தியும். சாக்கைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துக்கொண்டு வருகிறார்கள்.

“நீங்க ஏம்மா? நிறுவைக்கு நேரமாச்சே.”

“போன் நனஞ்சா என்னா செய்வ? ஏறு.”

தாங்கிச் சுவரோரம் நான் குந்த, இருவரும் படங்கை என் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார்கள். மழை அதன் மேல் சடசடத்தது. ஒரு கோடு வந்தது, போனது, வந்தது. சித்தி எட்டிப் பார்த்து ‘காத்திருக்கிறது’ என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். மறுபடி வாசித்தார். மூன்றாம் தடவை வாசிக்க வாயெடுத்தபோது அங்கே வேறு எழுத்து இருந்தது.

“பதிவு... செய்யப்பட்டது,” என்றார் சித்தி.

பட்டை எண்பத்துநாலுக்குப் போய்ப் பச்சையாகியது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். படங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் தலையில் இருந்த தண்ணீரை வழித்துவிட்டார்.

“முழுப்பேரா?”

“முழுப்பேர்மா. நான் எடுத்தது.”

இறங்கி வரும்போது சித்தி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். “தம்பி, அந்தக் காக்கா என்னா ஆச்சு? அன்னிக்கு நிறுவையில கேக்காமப் போச்சு. மூணு நாளா மனசுக்குள்ள கெடக்கு.”

“ஒரே ஒரு வெள்ளக் காக்கா வந்தாப் போதும் சித்தி. காக்கா எல்லாம் கறுப்புன்னு சொன்னது பொய்யாயிரும். எத்தன கறுப்பப் பாத்திருந்தாலும் சரிதான்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“இத அந்தப் பொண்ணு நேராச் சொல்லியிருந்தா நான் ரெண்டு கிலோ கூட எடுத்திருப்பேனே,” என்றார் சித்தி. சற்று நடந்துவிட்டு, “வெள்ளக் காக்காயப் பாத்தவங்க இருக்காங்களா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மிஸ்ஸிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். கேட்டேன். நீலப் புள்ளி வந்தது, ‘இருக்கிறது, மிக அரிது’ என்று பதிலும் வந்தது. சித்திக்கு அதில் பெரிய திருப்தி.

அனுமதி அட்டையைத் திங்கட்கிழமை நானாவின் கடையில் பிரிண்ட் எடுத்தேன். பரீட்சை எழுதினேன், பாஸும் ஆனேன். அதே தளத்தில்தான் இப்போதும் படிக்கிறேன்; என் பூட்டின் கோட்டை மாற்றிவிட்டேன், அதுவும் இப்போது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் மடுவத்துக்குத் திரும்பி வந்தபோது தராசு காத்திருந்தது. மழை நாளில் எல்லோருக்குமே கொழுந்து மட்டாகத்தான் இருந்தது. அள்ளிப் போட யாரிடமும் மிச்சம் இல்லை. சித்தி முன்கூட்டியே நிறைய எடுத்திருந்ததால் தப்பினார். அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. “போகுது வுடு,” என்றார் அம்மா, சாக்கை உதறி மடித்துக்கொண்டே. அம்மா இழந்த அந்த அரை நாள், நானாவிடம் இரண்டு தடவை போட்ட டேட்டா, பஸ் காசு, மறுநாள் மடுவத்தில் வகுப்புக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் கங்காணிக்கும் நான் வாங்கிக் கொடுத்த வடையும் பிளேன்டீயும், எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது இரண்டாயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.